அரிவாள் தெரிகிறது, பயர் ஆபீஸ் தெரியவில்லை

“ஏம்ப்பா, எப்பப் பாத்தாலும் சாதிப் படமாவே எடுக்குறாங்க?” மாரி செல்வராஜ் படமோ பா. இரஞ்சித் படமோ வெளியாகும் வாரத்தில் இந்தக் கேள்வி டீக்கடையில் கிளம்பி யூடியூப் விமர்சனம் வரை ஒரு சுற்று வந்துவிடும். இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. ‘தேவர் மகன்’ 1992-இல் வந்தது. ‘சின்னக் கவுண்டர்’ அதே ஆண்டு. ‘எஜமான்’ 1993. ‘நாட்டாமை’ 1994. இவற்றில் இரண்டின் தலைப்பிலேயே சாதிப் பெயர் இருந்தது. அப்போது யாரும் சாதிப் படம் என்று முகம் சுளிக்கவில்லை. குடும்பப் படம், கிராமத்துப் படம், மண்வாசனை என்றார்கள். பண்ணையார் வீட்டுத் திண்ணையில் கேமரா உட்கார்ந்திருந்தவரை அது கலையாக இருந்தது. எழுந்து காலனித் தெருவுக்கு நடந்து வந்ததும் சாதியாகிவிட்டது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களோடு எனக்கு இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

எனக்குப் பேச வேண்டியது நம்மோடு. 2018-இல் ‘பரியேறும் பெருமாள்’ வந்ததிலிருந்து இந்தப் படங்களை முதல் வாரத்திலேயே பார்த்து, அழுது, விசிலடித்து, விடிய விடியப் பதிவு எழுதி, வசூல் கணக்கை நம் வீட்டு வரவு போலக் கொண்டாடும் நம்மோடு. நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர். வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் ஆலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி செய்யும் இடம் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு செய்யும் இடம் பயர் ஆபீஸ். பட்டாசுத் தொழிலாளர்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்காக சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரக் கிராமங்களில் இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறேன். பகலில் பார்க்கும் வாழ்க்கையையும் இரவில் பார்க்கும் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கேள்வி எழுகிறது. நம் படங்கள் சாதியை அரிவாளில் காட்டுகின்றன, ஆணவக் கொலையில் காட்டுகின்றன, கோயில் வாசலிலும் கபடி மைதானத்திலும் காட்டுகின்றன. காலையில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும் வேலைக்குள் இருக்கும் சாதியை மட்டும் ஏன் காட்டுவதில்லை? அதைக் கேட்காமல் நாம் ஏன் இருக்கிறோம்?

ஒரே எழுத்தாளர், இரண்டு படங்கள்

பூமணியிலிருந்து தொடங்கலாம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் எழுத்தாளர். 1982-இல் வந்த அவருடைய ‘வெக்கை’ நாவலைத்தான் வெற்றிமாறன் 2019-இல் ‘அசுரன்’ ஆக்கினார். அண்ணனைக் கொன்றவனை ஒரு பதின்வயதுப் பையன் வெட்டிவிட்டு, அப்பாவோடு காடு மேடெல்லாம் தலைமறைவாகத் திரியும் கதை. படத்தில் பஞ்சமி நிலம் சேர்ந்தது, செருப்புப் போட்டு நடந்த பெண்ணுக்கு நேர்ந்த அவமானம் சேர்ந்தது, எரிக்கப்பட்ட குடிசைகள் சேர்ந்தன. ஊர் ஊராக ஓடியது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும், தனுஷுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன.

அதே பூமணி தானே ஒரு படத்தை இயக்கியிருக்கிறார். பெயர் ‘கருவேலம்பூக்கள்’. தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தயாரிப்பு. நாசரும் ராதிகாவும் நடித்தது. தீப்பெட்டித் தொழில் கரிசல் கிராமத்துப் பிள்ளைகளை எப்படி விழுங்கியது என்பதுதான் பொருள். ‘அசுரன்’ வசனங்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் தோழர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால், “அது நாவலா தோழர்?” என்று கேட்கிறார்கள்.

‘அசுரன்’ முடிவில் சிவசாமி மகனுக்கு ஒன்று சொல்வார். நிலத்தைப் பறிப்பார்கள், பணத்தைப் பறிப்பார்கள், படிப்பை மட்டும் பறிக்க முடியாது என்பது அதன் சாரம். அரங்கே கை தட்டியது. எங்கள் வட்டாரத்தில் படிப்பையும் பறித்தார்கள். யாரும் அரிவாளைத் தூக்கவில்லை. பெற்றோர் கையில் முன்பணம் வைத்தார்கள், விடியும் முன் ஊருக்குள் ஆபீஸ் பஸ்ஸை அனுப்பினார்கள். மழை பொய்த்த வருடத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படத்தில் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஆபத்தான தொழிலில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் தீர்ப்புச் சொன்னதும் சிவகாசிப் பிள்ளைகளை முன்வைத்துத்தான்.

வகுப்பறைக்குள் நுழைந்தவனைச் சாதி எப்படி அவமானப்படுத்துகிறது என்பதைப் ‘பரியேறும் பெருமாள்’ காட்டியது. வகுப்பறை வரை வரவிடாமல் கூலி எப்படித் தடுக்கிறது என்பது ‘கருவேலம்பூக்கள்’ எடுத்துக்கொண்ட விஷயம். இரண்டும் ஒரே அநீதியின் இரண்டு முனைகள். ஒன்றைக் கொண்டாடிவிட்டு இன்னொன்றின் பெயரே தெரியாமல் இருக்கிறோம். ‘அசுரன்’ நிலத்தைக் காப்பாற்றப் போராடும் கதை. காப்பாற்ற முடியாதவர்களும், காப்பாற்ற நிலமே இல்லாதவர்களும் எங்கே போனார்கள் என்று எங்கள் ஊரில் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: ஆபீஸுக்கு.

மீசை இல்லாத எதிரி

நம் படங்களுக்கு ஒரு வரைபடம் பழகிவிட்டது. ஒரு பக்கம் நிலம் வைத்திருக்கும் ஆதிக்க சாதி, மறுபக்கம் காலனி, நடுவில் ஒரு பஸ் நிறுத்தம் அல்லது கிணறு அல்லது கோயில். 1995-இல் கொடியங்குளத்தில் நடந்த காவல்துறைத் தாக்குதலை நினைவூட்டிய ‘கர்ணன்’ படத்துக்கு அந்த வரைபடம் பொருந்தியது. சிவகாசிக்குப் பொருந்தாது.

இங்கே முதலாளிகளில் பெரும்பாலோர் பிறந்த சாதி, நூற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு கோயிலுக்குள் விடப்படாத சாதி. 1899 ஜூனில் சிவகாசி சூறையாடப்பட்டது, நாடார்கள் கோயில் நுழைவு உரிமை கேட்டதன் தொடர்ச்சியாகத்தான். அவர்கள் மகமை வசூலித்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலா அப்படி வந்தது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பியதிலிருந்துதான் இந்தத் தொழில் இங்கே வேர்விட்டது. வானம் பார்த்த பூமியில் ஒரு தொழிலை உண்டாக்கியது சின்னக் காரியம் இல்லை. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் காலில் எழுந்து நின்ற வரலாறு அது. பூமணியே ‘அஞ்ஞாடி’ நாவலில் அந்தக் காலத்தை விரித்து எழுதி, 2014-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

அந்த வரலாற்றை மதித்துக்கொண்டே கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. எழுந்து நின்றவர்களின் ஆபீஸில் இன்று மருந்து கலப்பது யார்? லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது? கணக்கு எழுதுவது யார், திரி சொருகுவது யார்? தொழிலாளர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்கும் ஏற்பாடு என்று சாதியை அம்பேத்கர் விளக்கினார். அதைப் பார்க்க ஒரு நாள் பயர் ஆபீஸ் வேனில் ஏறினால் போதும். தேவேந்திரர், பறையர், அருந்ததியர் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். தேவர் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். முதலாளியின் சாதியிலேயே பிறந்த ஏழைகளும் இருக்கிறார்கள். எல்லோர் கையிலும் ஒரே அலுமினியப் பொடிதான் ஒட்டியிருக்கிறது. ஆனாலும் யார் யாரோடு உட்கார்ந்து தூக்குவாளியைத் திறக்கிறார்கள் என்பதில் ஊர் இருக்கிறது. சாயங்காலம் வேன் ஊருக்கு ஒரு முறை நிற்கிறது, காலனிக்கு ஒரு முறை நிற்கிறது. கூலி உயர்வு கேட்டு எல்லோரும் சேர்ந்து ஒரு வாசலில் நிற்க முடியாமல் போவதற்கு இந்த இரண்டு நிறுத்தங்களும் ஒரு காரணம்.

இந்த எதிரிக்கு மீசை கிடையாது, அரிவாள் கிடையாது. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று காகிதம் இருக்கிறது. அந்தக் காகிதத்துக்குக் கீழே உள்குத்தகை இருக்கிறது. ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று விதி இருக்கிறது. தீபாவளி ஆர்டர் நெருங்கும்போது அந்த விதியை மறக்க வைக்கும் பீஸ் ரேட்டும் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: 35-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20-க்கும் மேற்பட்டோர். 2024 மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. எல்லாவற்றையும் எழுதப் போனால் இந்தக் கட்டுரையில் வேறு எதற்கும் இடமிருக்காது. ஒவ்வொரு முறையும் செய்தித்தாள் ‘விபத்து’ என்கிறது. அரசு நிவாரணத் தொகை அறிவிக்கிறது. போர்மேனோ மேனேஜரோ கைதாகிறார். சில நாளில் பழையபடி வேன் வருகிறது.

வில்லனுக்கு விழுந்த விசில்

‘மாமன்னன்’ (2023) ஓடிடிக்கு வந்ததும் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பகத் பாசில் நடித்த ரத்னவேலுவின் காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டை ஒட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆதிக்க சாதிக்காரர்கள் அவனைத் தங்கள் நாயகனாகப் பரப்பினார்கள். நாயை அடித்துக் கொல்பவன், உட்கார நாற்காலி கொடுக்காதவன், அவர்களுக்கு ஹீரோ. பார்த்தவர்களின் மனசில் இருந்த அழுக்கு அது, சந்தேகமில்லை. ஆனால் படத்தின் வடிவமும் அதற்கு இடம் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன். இரண்டு ஆண்கள் முறைத்துக்கொண்டு நிற்கும் காட்சியை, பின்னணி இசையோடு, மெதுவாக ஓட்டிக் காட்டினால் யாருடைய முறைப்பையும் யாரும் திருடிக்கொள்ளலாம். உள்குத்தகை ஒப்பந்தத்தை அப்படித் திருட முடியுமா? நாலு பேர் அறையில் பத்துப் பேரை அடைத்தவனுக்கு எந்தச் சாதிச் சங்கம் ரீல்ஸ் போடும்? சாதியின் உண்மையான வேலையைக் காட்டினால் அதில் பெருமைப்பட ஒன்றும் மிஞ்சாது.

அடுத்து விளையாட்டுப் படங்கள். ‘சார்பட்டா பரம்பரை’, ‘ப்ளூ ஸ்டார்’, ‘லப்பர் பந்து’, ‘பைசன்’. நான்கையும் ரசித்துப் பார்த்தவன் நான். கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்க்கையிலிருந்து பிறந்த கிட்டான், இத்தனை கொலைகளுக்கும் நடுவே ஓடி ஓடி இந்திய அணி வரை போவதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. 2025 தீபாவளிக்கு அந்தப் படம் வந்தது. தீபாவளிதான் எங்கள் ஊருக்கு வருடக் கடைசி. போனஸ் கையில் இருக்கும், ஆபீஸ் சில வாரம் மூடியிருக்கும், குடும்பத்தோடு தியேட்டருக்குப் போவார்கள். கிட்டான் திறமையால் தப்பித்தான், நல்லது. ஐம்பது வயதில் சரவெடி பின்னிக்கொண்டிருக்கும் பெண் எந்த மைதானத்தில் ஓடித் தப்பிப்பாள்? திறமை உள்ள ஒருவன் வெளியேறும் கதைகளை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால், வெளியேற முடியாதவர்களுக்குத் திறமை போதவில்லை என்று அர்த்தமாகிவிடும். ஆதிக்க சாதிக்காரர்கள் இடஒதுக்கீட்டுக்கு எதிராகச் சொல்லும் வாதமும் இதுதானே?

பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘ஜெய் பீம்’ செங்கேணி இருக்கிறாள், ‘நட்சத்திரம் நகர்கிறது’ ரெனே இருக்கிறாள். இவர்களைத் தள்ளிவிட்டால் மிச்சமிருப்பவர்கள் அழும் அம்மாவும் காதலியும்தான். எங்கள் வட்டாரத்திலோ சாதியின் பாரத்தை உடம்பால் சுமப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். இவர்களுக்கு அரிவாள் காட்சி எழுத முடியாது என்பதாலேயே கதையும் எழுதப்படவில்லை.

வாழைத்தார் லாரி சொல்லும் வழி

இப்படிப் படம் எடுத்தால் ஓடுமா என்று கேட்பவர்களுக்கு ‘வாழை’ பதில். 2024 ஆகஸ்ட்டில் வந்தது. அதில் வில்லன் என்று ஒருவன் மீசை முறுக்கி நிற்பதில்லை. வாழைத்தார் சுமப்பவர்கள் கூலியில் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள். வியாபாரி அந்த ஒரு ரூபாயை வேறு இடத்தில் ஈடுகட்டிக்கொள்கிறான்: ஆட்களுக்குத் தனி வண்டி கிடையாது, தார் ஏற்றிய லாரி மேலேயே உட்கார்ந்து போக வேண்டும். லாரி கவிழ்கிறது. செத்தவர்களை யார் கொன்றது என்று படம் விரல் நீட்டிச் சொல்லவில்லை, கணக்கை மட்டும் காட்டுகிறது. பார்த்த எல்லோருக்கும் புரிந்தது. படம் நன்றாக ஓடவும் செய்தது. அந்த லாரியைப் பார்த்தபோது எனக்கு அச்சங்குளம்தான் நினைவுக்கு வந்தது. செலவைக் குறைக்கும் கணக்கில் முதலில் குறைக்கப்படுவது யாருடைய உயிர் என்பதைச் சாதி முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. மாரி செல்வராஜ் எடுத்த படங்களில் ‘வாழை’யைத்தான் நான் முதலில் வைப்பேன். அவர் மேலும் போக வேண்டிய பாதையும் இதுதான் என்பேன்.

“இது வர்க்கப் பிரச்சினை, இதில் ஏன் சாதியை இழுக்கிறீர்கள்?” என்று சில இடதுசாரித் தோழர்கள் கேட்பார்கள். வர்க்கம் மட்டும்தான் என்றால் நூறு வருடத்தில் லைசென்ஸும் மருந்து அறையும் ஒரு முறையாவது கை மாறியிருக்க வேண்டும். ஏன் மாறவில்லை என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

“எல்லாச் சுமையையும் தலித் இயக்குநர்கள் தலையிலேயே ஏற்றுவதா?” இது நியாயமான கேள்வி. ஏற்றக் கூடாது. இரஞ்சித்தும் மாரியும் பத்துப் பேர் செய்ய வேண்டிய வேலையைச் செய்திருக்கிறார்கள். மற்றவர்களிடம்தான் கேட்க வேண்டும். விருதுநகர்க்காரரான வசந்தபாலன் ‘வெயில்’ (2006) படத்தில் இந்த மண்ணின் வெக்கையைத் திரைக்குக் கொண்டு வந்தார், ‘அங்காடித் தெரு’வில் (2010) ரங்கநாதன் தெருக் கடைகளுக்குள் அடைபட்ட உழைப்பைக் காட்டினார். அந்தக் கண் பயர் ஆபீஸ் பக்கமும் திரும்பியிருக்கலாம். 2005 தீபாவளிக்கு வந்த விஜய் படத்தின் பெயரே ‘சிவகாசி’, நாயகன் பெயரும் அதுதான். பெயரை எடுத்துக்கொண்டார்கள், ஊரை எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ் சினிமாவுக்கு இந்த ஊரைத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அதன் போஸ்டர்கள் சிவகாசியில் அச்சாயின. நடிகர்களின் முகம் போட்ட பட்டாசு லேபிள் சிவகாசியில் அச்சாகிறது. கட்-அவுட்டுக்கு முன்னால் கொளுத்தும் பத்தாயிரம் வாலாவைப் பின்னியது எங்கள் வீட்டுப் பெண்களின் கை.

“தொழிலாளிகளே மாஸ் ஹீரோவைத்தான் கேட்கிறார்கள்” என்பது இன்னொரு சமாதானம். பயர் ஆபீஸில் வேலை பார்க்கும் என் சித்தியிடம் இதைப் பற்றிப் பேசினேன். “எங்க ஆபீஸ எவன்டா படம் புடிப்பான்? உள்ள செல்போனே விட மாட்டாங்க,” என்று சிரித்தார். அப்புறம், “எடுத்தா பாப்போம். நாங்க என்ன வேண்டாம்னா சொல்றோம்?” என்றார். தீப்பொறிக்குப் பயந்து செல்போனை வெளியே வைப்பது நியாயமான விதிதான். கதையையும் ஏன் வெளியே வைக்க வேண்டும்?

எனவே சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். ‘கருவேலம்பூக்கள்’ பொதுப் பணத்தில் எடுத்த படம். அதை நல்ல பிரதியாக மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்திடம் நாம் எழுதிக் கேட்க வேண்டும். சாத்தூரிலும் சிவகாசியிலும் விருதுநகரிலும் திரையிடல் நடத்தும் தோழர்கள், ‘அசுரன்’ போடும் அன்றே ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ படத்தையும் போட வேண்டும். இரண்டையும் பார்த்தவர்களைப் பேச விட வேண்டும், குறிப்பாக வேலைக்குப் போகும் பெண்களை. கையில் கேமரா உள்ள எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதல் குறும்படத்துக்கு அரிவாளைத் தேட வேண்டாம். வேன் வரும் நேரத்துக்குத் தெருமுனையில் நின்றால் போதும், கதை ஏறிப் போவதைப் பார்க்கலாம்.

அடுத்த முறை ஒரு படம் நூறு கோடி வசூலித்தது என்று பதிவு போடும் முன், அந்தப் படத்தில் யாராவது கூலி வாங்கும் காட்சி இருந்ததா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். எவ்வளவு கொடுத்தார்கள், யார் கொடுத்தார்கள், யார் கையில் கொடுத்தார்கள், கையில் கொடுத்தார்களா அல்லது தூக்கிப் போட்டார்களா? விருதுநகர் மாவட்டத்தில் சாதி ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளக் கவரில் வருகிறது. அதைப் பார்க்கிற சினிமா நமக்கு வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.